சித்தப்பா ஆர்.என்.ஏ.

எந்தக் கல்யாண வீட்டிலும் பெரியப்பா ஒருவர் இருப்பார். பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், முன்வரிசை நாற்காலி. ஒரு துரும்பைக்கூட நகர்த்தமாட்டார். ஆனால் எல்லாப் போட்டோவிலும் அவர்தான் நடுநாயகம். பந்தியில் ரசம் தீர்ந்தால் ஓடுவது, மாப்பிள்ளை வீட்டாருக்கு ரூம் சாவி தேடுவது, நாதஸ்வரக்காரருக்குக் காபி கொடுத்தாயிற்றா என்று பார்ப்பது எல்லாம் சித்தப்பா. ஆல்பத்தைப் புரட்டினால் ஒரு மூலையில் அவருடைய பாதி முதுகு தெரியும்.

செல்லுக்குள் டி.என்.ஏ.தான் அந்தப் பெரியப்பா. உட்கருவை விட்டு வெளியே வரமாட்டார். எல்லாம் அவருக்குத் தெரியும், எதையும் அவர் செய்யமாட்டார். ஆர்.என்.ஏ. சித்தப்பா. விஞ்ஞானிகளும் மனிதர்கள்தானே, நேராகப் போய்ப் பெரியப்பா காலில் விழுந்தார்கள். சித்தப்பா பக்கம் திரும்ப அவர்களுக்கு ஏறத்தாழ நூறு வருஷம் பிடித்தது. அந்த நூறு வருஷக் கூத்து பாடப்புத்தகத்தில் வராது. பாடப்புத்தகத்தில் எல்லோரும் நன்றாக யோசித்துத்தான் எதையும் கண்டுபிடித்திருப்பார்கள்.

ஆரம்பமே நாற்றம். 1869ல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் ஊரில் ஃபிரீட்ரிக் மீஷர் என்ற இளைஞர், பக்கத்து ஆஸ்பத்திரியில் கழற்றிப் போட்ட கட்டுத்துணிகளை வாங்கிவந்தார். சீழ் வேண்டுமாம். அதில் வெள்ளையணுக்கள் நிறைய இருக்கும் என்பது அவர் கணக்கு. பழைய கோட்டை ஒன்றின் சமையலறையில் உட்கார்ந்து சீழைக் கழுவி, பிரித்து, அதுவரை யாரும் பார்த்திராத ஒரு பொருளை எடுத்தார். நியூக்ளிக் அமிலத்தின் பிறப்பு வளர்ப்பு இவ்வளவுதான்: சீழ், சமையலறை.

அடுத்து வந்தவர்கள் கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியில் ஒருவகை அமிலத்தையும் (நம் பெரியப்பா), ஈஸ்ட்டில் இன்னொரு வகையையும் (சித்தப்பா) கண்டார்கள். உடனே ஒரு முடிவுக்கு வந்தார்கள்: முதலாவது பிராணிகளுக்கு, இரண்டாவது தாவரங்களுக்கு. சைவம், அசைவம் என்று ஏறக்குறைய முப்பது வருஷம் இப்படியே போயிற்று. கன்றுக்குட்டியிலும் இரண்டும் இருக்கிறது, ஈஸ்ட்டிலும் இரண்டும் இருக்கிறது என்பதைப் பார்க்க யாருக்கும் அவசரமில்லை. நியூயார்க் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் ஃபீபஸ் லெவீன் 1909ல் ஈஸ்ட் சரக்கில் இருக்கும் சர்க்கரை ரைபோஸ் என்று கண்டுபிடித்தார். நல்ல காரியம். அதோடு நிறுத்தியிருக்கலாம். இந்த அமிலங்கள் நாலே எழுத்தை அதே வரிசையில் திரும்பத் திரும்ப ஒப்பிக்கிற மந்தங்கள், இவற்றில் செய்தி எதுவும் இருக்க வாய்ப்பில்லை என்றும் ஒரு கொள்கை சொன்னார். லெவீன் பெரிய மனுஷர், எல்லோரும் தலையாட்டினார்கள்.

சித்தப்பாவை முதலில் கவனித்தவர்கள் பிரஸல்ஸில் ஜான் பிராஷேயும் ஸ்டாக்ஹோமில் காஸ்பர்சனும். 1940 வாக்கில் இருவரும் தனித்தனியே ஒரே விஷயத்தைப் பார்த்தார்கள். கணையம் மாதிரி புரதத்தை மூட்டை மூட்டையாகத் தயாரிக்கிற செல்களில் ஆர்.என்.ஏ. நிரம்பி வழிகிறது. சும்மா இருக்கிற செல்களில் அது குறைவு. ரசம் பரிமாறுகிற இடத்தில் எல்லாம் இந்த ஆள் நிற்கிறாரே, இவருக்கும் ரசத்துக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமோ? கேள்வி சரியானது. அதற்குள் 1953 வந்தது. வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வை இரட்டைச் சுருளாக நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். கேட்க வேண்டுமா? மொத்தக் கூட்டமும் மேடைப் பக்கம் ஓடிவிட்டது.

இங்கேதான் ஜார்ஜ் காமவ் உள்ளே வருகிறார். பௌதிகர். உயிரியலில் அவருக்குத் தெரிந்தது சொற்பம்; அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாக எங்கும் பதிவில்லை. சோவியத் நாட்டிலிருந்து தப்பிக்க 1932ல் மனைவியோடு ஒரு சின்னப் படகில் கருங்கடலைத் துடுப்புப் போட்டே கடந்து துருக்கி போய்விடலாம் என்று கிளம்பியவர் அவர். கையில் முட்டை, சாக்லேட், பிராந்தி. நடுவில் புயல் அடித்துத் திரும்பவும் அதே கரையில் கொண்டுவந்து சேர்த்தது. மறுவருஷம் பெல்ஜியத்தில் ஒரு மாநாட்டுக்கு அனுமதியோடு போய், அப்படியே திரும்பாமல் இருந்துவிட்டார். 1948ல் ஆல்ஃபர் என்ற மாணவரோடு பிரபஞ்சத்தின் ஆரம்பம் பற்றிக் கட்டுரை எழுதியபோது, சம்பந்தமே இல்லாத ஹான்ஸ் பெத்தேயின் பெயரையும் நடுவில் செருகினார். ஆல்ஃபா, பீட்டா, காமா என்று வரட்டுமே என்று. கட்டுரை ஏப்ரல் 1ல் வந்தது.

இப்படிப்பட்டவர் 1953ல் வாட்சன், கிரிக் கட்டுரையைப் படித்ததும் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். விஷயம் கணக்குதான். டி.என்.ஏ.வில் நாலு எழுத்து. புரதத்தில் இருபது அமினோ அமிலம். இரண்டிரண்டு எழுத்தாகச் சேர்த்தால் 16 வார்த்தை, பற்றாது. மும்மூன்றாகச் சேர்த்தால் 64, மிஞ்சுகிறது. இந்த 64 எப்படி 20 ஆகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் உயிரின் ரகசியம் கையில். பேப்பரும் பென்சிலும் போதும், ஒரு சோதனைக்குழாயைக்கூடக் கழுவ வேண்டாம் என்பது காமவின் கட்சி. டி.என்.ஏ. சுருளில் வைர வடிவப் பள்ளங்கள் இருக்கின்றன, அமினோ அமிலங்கள் நேராக அதில் வந்து உட்காருகின்றன என்று ஒரு கணக்குப் போட்டார். விடை சரியாக 20 வந்தது! அழகான கணக்கு. புரதம் டி.என்.ஏ. மேலேயே தயாராவதில்லை என்கிற சின்னக் குறை மட்டும்தான்.

காமவ் அசரவில்லை. 1954ல் ஒரு கிளப் ஆரம்பித்தார்: ஆர்.என்.ஏ. டை கிளப். இருபது அமினோ அமிலத்துக்கு இருபது உறுப்பினர், நாலு எழுத்துக்கு நாலு கௌரவ உறுப்பினர். ஆளுக்கு ஒரு டை, அதில் ஆர்.என்.ஏ. சுருள் பூவேலை. காமவே வடிவமைத்து லாஸ் ஏஞ்சல்ஸ் கடை ஒன்றில் செய்யச் சொன்னார். டையில் குத்த ஒரு பின், அதில் அவரவர் அமினோ அமிலத்தின் பெயர். காமவ் அலனின், வாட்சன் புரோலின், கிரிக் டைரோசின், பிரென்னர் வாலின், ரிச்சர்ட் ஃபெயின்மன் கிளைசின். ஹைட்ரஜன் குண்டு எட்வர்ட் டெல்லரும் உறுப்பினர். அமினோ அமிலத்துக்கும் ஹைட்ரஜன் குண்டுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு டை கிடையாது. பதவிகளும் உண்டு: வாட்சன் நம்பிக்கைவாதி, கிரிக் அவநம்பிக்கைவாதி. நம்மூர் மன்றங்களில் செயலாளர், பொருளாளர் என்று போட்டுக்கொண்டு சண்டை பிடிப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

சிரித்துவிட்டுப் போக முடியாதபடி ஒன்றிரண்டு நல்ல சரக்கும் இந்தக் கிளப்பில் ஓடியது. 1955 ஜனவரியில் கிரிக் உறுப்பினர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பைச் சுற்றுக்கு விட்டார். அமினோ அமிலத்துக்கும் எழுத்துக்கும் நேரடிப் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் ஒரு தரகர் இருந்தாக வேண்டும். ஒரு கையில் அமினோ அமிலம், மறு கையில் அதற்குரிய எழுத்து. கடைசிவரை எந்த இதழிலும் அச்சேறாத அந்தக் குறிப்பு நூற்றுக்கு நூறு சரி. பாஸ்டனில் பால் ஜமெச்னிக்கும் மாலன் ஹோக்லண்டும் இந்தக் கிளப் சமாசாரமே தெரியாமல், கல்லீரலை அரைத்துக் கலக்கி, அந்தத் தரகரைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். இன்று அதற்கு டி.ஆர்.என்.ஏ. என்று பெயர். கிரிக்குக்கு ஏமாற்றம். மூன்று எழுத்து நீளத்தில் ஒல்லியாக ஒருவரை அவர் கற்பனை செய்திருந்தார். வந்து நின்றவர் எழுபது, எண்பது எழுத்து நீளம். இவ்வளவு தடியாக இருந்தால் எப்படி என்று முதலில் நம்ப மறுத்தார்.

கிரிக்கின் அடுத்த கணக்குதான் என் அபிமானம். 1957ல் கிரிஃபித், ஆர்கெல் இருவரோடும் சேர்ந்து போட்டது. வார்த்தைகளுக்கு நடுவே காற்புள்ளி இல்லாமல் செல் எப்படிப் படிக்கிறது? எங்கே தொடங்கினாலும் குழப்பம் வராதபடி வார்த்தைகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும். யுயுயு மாதிரி ஒரே எழுத்து மூன்று முறை வருவதை எல்லாம் தள்ளு. எங்கே தொடக்கம் என்று தெரியாதே. 64ல் 4 போனால் 60. மிச்சத்தில் மூன்றுக்கு ஒன்றுதான் அர்த்தமுள்ளது. அறுபதை மூன்றால் வகுத்தால்? இருபது! ஜாதகப் பொருத்தம் பத்துக்குப் பத்து. நான்கு வருஷம் இந்தக் கணக்கைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார்கள். இயற்கையே இதைவிட அழகாகச் செய்திருக்காது என்றார்கள். அது மட்டும் உண்மை. இயற்கை அப்படிச் செய்யவில்லை.

இதற்கிடையே இன்னொரு குழப்பம். டி.என்.ஏ. உட்கருவுக்குள். புரதம் தயாராவது வெளியே, ரைபோசோம் என்ற குட்டி உருண்டைகளில். ரைபோசோமில் ஆர்.என்.ஏ. ஏராளம். எனவே ஒவ்வொரு ரைபோசோமும் ஒரே ஒரு புரதத்தின் செய்முறையைத் தன் வயிற்றிலேயே வைத்திருக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். 1956ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் எலியட் வோல்கின், லாசரஸ் அஸ்ட்ராகன் என்ற இருவர், வைரஸ் தாக்கிய பாக்டீரியாவில் புது மாதிரி ஆர்.என்.ஏ. ஒன்று தோன்றுவதையும், அதன் எழுத்து விகிதம் வைரஸின் டி.என்.ஏ.வைப் போலவே இருப்பதையும் கண்டு வெளியிட்டார்கள். எல்லோரும் படித்தார்கள், சுவாரஸ்யம் என்றார்கள், மூடிவைத்தார்கள். இருவரும் கிளப்பில் இல்லை. டை இல்லாதவன் பேச்சு அம்பலம் ஏறுமா?

1960 ஏப்ரல் 15, பெரிய வெள்ளி. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சிட்னி பிரென்னரின் அறை. கிரிக்கும் இருக்கிறார். பாரிஸிலிருந்து ஃபிரான்சுவா ஜாக்கோப் வந்திருக்கிறார். ஒரு மரபணுவை பாக்டீரியாவுக்குள் அனுப்பினால் சில நிமிஷத்தில் புரதம் தயாராக ஆரம்பித்துவிடுகிறது என்று தங்கள் சோதனையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். புது ரைபோசோம் கட்ட அந்த நேரம் பற்றாது. அப்படியானால் செய்தி வேறெதிலோ வந்திருக்கிறது. திடீரென்று பிரென்னர் கத்தினார். கிரிக்கும் கத்தினார். வோல்கின், அஸ்ட்ராகன் நாலு வருஷத்துக்கு முன்பே பார்த்தது அதைத்தான்! ரைபோசோம் வெறும் இயந்திரம். செய்தி, தற்காலிகமாக வந்து போகிற இன்னொரு ஆர்.என்.ஏ.வில். டி.என்.ஏ.விடம் நகல் வாங்கி, வெளியே ஓடிவந்து, வேலை முடிந்ததும் மறைந்துபோகிற தூது ஆர்.என்.ஏ. அன்றிரவு கிரிக் வீட்டில் விருந்து. மற்றவர்கள் குடித்துக் களித்துக்கொண்டிருக்க, பிரென்னரும் ஜாக்கோபும் ஒரு மூலையில் சோதனைக்குத் திட்டம் போட்டார்கள்.

ஜூனில் இருவரும் கலிபோர்னியா போனார்கள், மேத்யூ மெசல்சனின் ஆய்வகத்துக்கு. எடை கூடிய ரைபோசோம், எடை குறைந்த ரைபோசோம் இரண்டையும் சீசியம் உப்புக் கரைசலில் சுற்றிப் பிரிக்க வேண்டும். செய்தி பழைய ரைபோசோமில் ஏறுகிறதா, புதிதிலா என்று பார்க்க வேண்டும். வந்ததோ விருந்தாளியாக, சில வாரங்களுக்கு. ரைபோசோம் ஒவ்வொரு முறையும் உடைந்து கலைந்தது. காரணம் புரியவில்லை. மாக்ஸ் டெல்புருக் போன்ற பெரியவர்கள் இது ஆகாது என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். மனம் நொந்து ஒருநாள் கடற்கரைக்குப் போய் மணலில் படுத்தார்கள். ஜாக்கோப் அலையைப் பார்த்துக்கொண்டிருக்க, பிரென்னர் துள்ளி எழுந்து மக்னீசியம், மக்னீசியம் என்று கூவினார். ரைபோசோமைக் கட்டிவைப்பது மக்னீசியம்; டன் கணக்கில் இருக்கும் சீசியம் அதைத் தள்ளிவிட்டு உட்காருகிறது. மக்னீசியத்தை அள்ளிக் கொட்டினால் போதும்! காரில் விழுந்தடித்துத் திரும்பினார்கள். கொட்டினார்கள். வந்தது. புதிய செய்தி பழைய ரைபோசோமில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

அந்த அவசரத்தில் கதிரியக்கப் பாஸ்பரஸ் வெந்நீர்த் தொட்டியில் கொட்டிவிட்டது. தொட்டி முழுக்கக் கதிர்வீச்சு. பிற்காலத்தில் உலகம் கொண்டாடப்போகும் இரண்டு மேதைகள் என்ன செய்தார்கள்? மேலிடத்தில் சொன்னார்களா, மன்னிப்புக் கடிதம் எழுதினார்களா? தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கீழ்த்தளத்தில் கோகோ கோலா இயந்திரத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்கள். எந்த விடுதி மாணவனுக்கும் புரியக்கூடிய தீர்வு.

இங்கே சித்தப்பாவின் சுபாவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்.என்.ஏ.வைப் பிடிக்க இவ்வளவு பாடு ஏன் என்றால், ஆள் நிற்கமாட்டார். டி.என்.ஏ.வை விட அவருடைய சர்க்கரையில் ஒரே ஒரு ஆக்ஸிஜன் கூடுதல். அந்த ஒன்றே அவரை அறுத்துவிடும். போதாதற்கு ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதி எங்கும் இருக்கிறது: நம் விரலில், வியர்வையில், எச்சிலில். கொதிக்கவைத்தாலும் அது சாகாது. 1950களில் ஆர்மர் என்ற அமெரிக்க மாமிசக் கம்பெனி மாட்டுக் கணையத்திலிருந்து ஒரு கிலோ நொதியைச் சுத்தம் செய்து விஞ்ஞானிகளுக்கு இலவசமாக விநியோகித்தது. அதை ஆராய்ந்தவர்களில் மூன்று பேர் 1972ல் நோபல் வாங்கினார்கள். ஆர்.என்.ஏ.வைக் கொல்கிறவனுக்கு இவ்வளவு மரியாதை. ஆர்.என்.ஏ. ஆய்வகத்தில் கையுறை இல்லாமல் எதையாவது தொட்டுப் பாருங்கள், அப்புறம் தெரியும் ஆராய்ச்சி மாணவர்களின் இன்னொரு முகம்.

இனி இருபது டைகளும் சேர்ந்து அவிழ்க்க முடியாத முடிச்சை அவிழ்த்த கதை. வாஷிங்டனுக்குப் பக்கத்தில் பெதெஸ்டா. தேசிய சுகாதார நிறுவனத்தில் மார்ஷல் நீரன்பெர்க் என்ற முப்பத்துச் சொச்ச வயதுக்காரர். கிளப்பில் இல்லை. கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் என்ற பெரிய இடத்துக் கருத்தரங்குக்கு 1961ல் இடம் கேட்டார், கிடையாது என்றுவிட்டார்கள். அவரோடு ஜெர்மனியிலிருந்து வந்த ஹைன்ரிக் மத்தேயி. இருவரும் பாக்டீரியாவை அரைத்துச் சாறு எடுத்தார்கள். உயிர் போன அந்தச் சாற்றில் வெளியிலிருந்து ஆர்.என்.ஏ.வை ஊற்றினால் புரதம் வருமா என்று பார்ப்பது திட்டம். யு என்ற ஒரே எழுத்தால் ஆன செயற்கை ஆர்.என்.ஏ. கைவசம் இருந்தது. யுயுயுயு என்று போய்க்கொண்டே இருக்கும்.

மே மாதக் கடைசி. நீரன்பெர்க் கலிபோர்னியா போயிருந்தார். மத்தேயி தனியாக, இரவு பகலாக, ஒவ்வொரு அமினோ அமிலமாகக் கதிரியக்க முத்திரை போட்டுச் சோதித்துக்கொண்டே வந்தார். மே 27, விடியற்காலை 3 மணி. பெனிலாலனின் போட்ட குழாயில் மட்டும் எண்ணிக்கை எகிறியது. மற்றதெல்லாம் தரையில். யுயுயு என்றால் பெனிலாலனின்! மனிதன் படித்த முதல் மரபுச் சொல். அந்த நேரத்தில் உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள், தூக்கம் கெட்டுப்போன அந்த ஜெர்மன்காரர்.

கிரிக்கின் அழகான கணக்கில் முதல் வேலையாக எதைத் தள்ளினார்கள், ஞாபகமிருக்கிறதா? யுயுயு. அர்த்தமே இருக்க முடியாது என்று கணிதப்படி நிரூபித்து ஒதுக்கிய அதே வார்த்தை.

ஆகஸ்டில் மாஸ்கோவில் சர்வதேச மாநாடு. நீரன்பெர்க் ஒரு சின்ன அறையில் சின்னக் கூட்டத்துக்கு முன்னால் பேசினார். பெரிய தலைகள் எல்லாம் வேறு கூடத்தில் ஒன்றுக்கொன்று தெரிந்ததையே சொல்லிக்கொண்டிருந்தன. நல்லவேளை, கேட்டவர்களில் மெசல்சன் ஒருவர். பேச்சு முடிந்ததும் ஓடிப்போய் நீரன்பெர்க்கைக் கட்டிக்கொண்டார். ஓடிப்போய்க் கிரிக்கிடம் சொன்னார். கிரிக் பெருந்தன்மைக்காரர். தன் கணக்குச் செத்துப்போன செய்தியை மொத்த மாநாட்டுக்கும் முன்னால் திரும்பவும் ஒரு முறை படிக்க ஏற்பாடு செய்தார்.

அதற்கப்புறம் ஓட்டப்பந்தயம். நியூயார்க்கில் செவரோ ஒச்சோவா பெரிய படையோடு இறங்கினார். அவர் ஏற்கெனவே 1959ல் நோபல் வாங்கியவர். எதற்கு? ஆர்.என்.ஏ.வைத் தயாரிக்கும் நொதியைக் கண்டுபிடித்ததற்கு. அப்புறம்தான் தெரிந்தது, செல்லுக்குள் அந்த நொதியின் முக்கிய வேலை ஆர்.என்.ஏ.வை உடைப்பது. சோதனைக்குழாயில் மட்டும் தலைகீழாக ஓடுமாம். நோபலைத் திருப்பி வாங்கும் வழக்கம் இல்லை. வேடிக்கை, அதே நொதியால்தான் அந்த யுயுயு சங்கிலியைத் தயாரித்தார்கள். தப்பான காரணத்துக்குக் கொடுத்த பரிசு சரியான இடத்தில் உதவியது.

கணக்குப் பார்ப்பவர்களை விட்டு வேலை வேதியியல்காரர்கள் கைக்கு வந்ததும் மளமளவென்று நடந்தது. ஹர் கோபிந்த் கொரானா வேண்டிய வரிசையில் எழுத்துகளைக் கோத்துத் தந்தார். பஞ்சாபில் சுமார் நூறு பேர் உள்ள ராய்ப்பூர் என்ற கிராமத்தில், பட்வாரியின் மகனாக, மரத்தடிப் பள்ளியில் படிப்பை ஆரம்பித்தவர். ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் ஏறக்குறைய அவர்களுடையது மட்டும்தான். ராபர்ட் ஹாலி 140 கிலோ ஈஸ்ட்டை வாங்கி, அதில் ஒரே ஒரு கிராம் டி.ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, அதன் 77 எழுத்தையும் 1965ல் வரிசையாகப் படித்தார். 1966க்குள் 64 வார்த்தைக்கும் அர்த்தம் தெரிந்தது. 1968ல் நீரன்பெர்க், கொரானா, ஹாலி மூவருக்கும் நோபல். விடியற்காலை 3 மணிக்கு விழித்திருந்த மத்தேயிக்கு இல்லை. மூன்று பேருக்கு மேல் கொடுப்பதில்லை என்று விதி. தூது ஆர்.என்.ஏ.வைக் கண்டதற்கென்று யாருக்குமே நோபல் கிடைக்கவில்லை. பங்காளிகள் மூன்றைத் தாண்டிவிட்டார்கள்.

ஆக ஆர்.என்.ஏ. என்றால் தூது போவார், தரகு பார்ப்பார், ரைபோசோமுக்கு முட்டுக் கொடுப்பார். எடுபிடி. நொதி என்கிற கௌரவமான உத்தியோகம் புரதத்துக்கு மட்டுமே என்று புத்தகத்தில் அச்சடித்தார்கள். 1980 வாக்கில் கொலராடோவில் தாமஸ் செக், டெட்ராஹைமெனா என்ற ஒருசெல் பிராணியில் ஓர் ஆர்.என்.ஏ. தன் நடுவில் இருக்கும் துண்டு ஒன்றை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டிக்கொள்வதைப் பார்த்தார். வெட்டுகிற புரதத்தைப் பிடிக்கவேண்டும். கொதிக்கவைத்தார். சோப்பு மாதிரி சமாசாரம் ஊற்றினார். புரதத்தைத் தின்னும் நொதியை ஏவினார். வெட்டு நிற்கவில்லை. எவ்வளவு பிடிவாதமான புரதம் என்று யோசித்து யோசித்து, கடைசியில் புரதமே படாத ஆர்.என்.ஏ.வைத் தனியாகத் தயாரித்துப் பார்த்தார். அதுவும் வெட்டி ஒட்டியது. அறுப்பதும் தைப்பதும் தானே. 1982ல் வெளியிட்டார். சிட்னி ஆல்ட்மனும் வேறொரு ஆர்.என்.ஏ.வில் இதே போன்ற வித்தையைக் காட்ட, 1989ல் இருவருக்கும் நோபல்.

விவகாரம் இப்போதுதான் பெரிதாகிறது. செய்தியும் சுமப்பார், வேலையும் செய்வார் என்றால், டி.என்.ஏ.வும் புரதமும் இல்லாத காலத்தில் ஆர்.என்.ஏ. மட்டுமே வைத்து உயிர் நடந்திருக்கலாமே? 1986ல் வால்டர் கில்பர்ட் அதற்கு ஆர்.என்.ஏ. உலகம் என்று பெயரே வைத்துவிட்டார். நேரில் பார்த்தவர் யாருமில்லை, ஆனாலும் பெரும்பாலோர் இன்று சாய்வது அந்தப் பக்கம்தான். நாம் இத்தனை நாள் சித்தப்பா என்று ஏவிக்கொண்டிருந்தவர், வயதுச் சான்றிதழைப் பார்த்தால், பெரியப்பாவுக்கே கொள்ளுத்தாத்தா.

அதற்குச் சாட்சி ரைபோசோமில் கிடைத்தது. ரைபோசோமைப் படிகமாக்க முடியாது என்று எல்லோரும் சொன்ன காலத்தில் இஸ்ரேலின் ஆடா யோனத் 1980ல் ஆரம்பித்தார். சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டுப் படுத்திருந்தபோது, உறங்கும் துருவக் கரடிகளின் செல்களில் ரைபோசோம்கள் அடுக்காக ஒழுங்குபட்டிருப்பதைப் படித்ததுதான் தூண்டுதல் என்பார். பின்னால் சாக்கடல் கிருமி கைகொடுத்தது. கேம்பிரிட்ஜில் இதே வேட்டையில் இருந்தவர் சிதம்பரத்தில் 1952ல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்விலும் வேலூர் சி.எம்.சி. தேர்விலும் தேறாதவர். பௌதிகத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, இது நமக்கு ஒத்துவராது என்று மறுபடி மாணவனாக உயிரியல் படிக்கப் போனவர். 2000ல் இவர் சிறிய பாதியையும் யேலில் தாமஸ் ஸ்டைட்ஸ் பெரிய பாதியையும் அணு அணுவாக வரைந்தார்கள். அமினோ அமிலங்கள் ஒட்டும் மையத்தில் எட்டிப் பார்த்தால் பக்கத்தில் ஒரு புரதம்கூட இல்லை. முழுக்க ஆர்.என்.ஏ. உலகத்தில் உள்ள ஒவ்வொரு புரதத்தையும் கோப்பது சித்தப்பாதான்! ஹாரி நோலர் பல வருஷமாகச் சொல்லிவந்ததும் இதைத்தான். 2009ல் யோனத், ராமகிருஷ்ணன், ஸ்டைட்ஸ் மூவருக்கும் நோபல். மூன்று முடிந்துவிட்டதே, நோலருக்கு இடமில்லை. இந்தியாவிலிருந்து வந்து குவிந்த வாழ்த்து மின்னஞ்சல்களால் தபால்பெட்டி அடைத்துக்கொண்டதென்று வெங்கி சலித்துக்கொண்டதில் நம்மவர்களுக்கு வந்த கோபம் தனிக் கட்டுரை.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1990ல் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் ஜார்கன்சன் குழு பெட்யூனியாப் பூவை இன்னும் ஊதாவாக்க ஊதா மரபணுவைக் கூடுதலாகச் செருகியது. பூ வெள்ளையாகப் பூத்தது. வாயடைத்த அந்த மர்மத்தின் சூத்திரதாரியும் ஆர்.என்.ஏ.வே என்பது, 1998ல் ஃபயரும் மெல்லோவும் புழுவில் விளக்கியபோது புரிந்தது. அதே புழுவில் 1993ல் விக்டர் ஆம்ப்ரோஸ் குழு கண்ட 22 எழுத்துக் குட்டி ஆர்.என்.ஏ.வை, புழுவின் தனிப்பட்ட கோளாறு என்று ஏழு வருஷம் யாரும் சீந்தவில்லை. 2000ல் கேரி ருவ்கன் குழு கண்ட இரண்டாவது மனிதனிடமும் இருந்தது. இருவருக்கும் 2024ல் நோபல். ஹங்கேரியிலிருந்து 1985ல் மகளின் கரடிப் பொம்மைக்குள் 900 பவுண்டைத் தைத்து அமெரிக்கா போன கேட்டலின் கரிக்கோ, தூது ஆர்.என்.ஏ.வை மருந்தாக்குவேன் என்று பிடிவாதம் பிடித்ததற்காக 1995ல் பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டார். ஜெராக்ஸ் இயந்திரத்தருகே பழக்கமான ட்ரூ வைஸ்மனோடு சேர்ந்து 2005ல் யு எழுத்தை லேசாக மாற்றி, உடம்பின் காவலர்கள் சண்டைக்கு வராமல் ஆர்.என்.ஏ.வை உள்ளே அனுப்பக் கற்றார். 2020 டிசம்பரில் அந்த வித்தையோடு கோவிட் தடுப்பூசி வந்தது. 2023ல் நோபல். பதவி இறக்கிய பல்கலைக்கழகம் எங்கள் பேராசிரியை என்று கொண்டாடியது.

இன்னும் ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. மனித டி.என்.ஏ.வில் புரதத்துக்கான செய்முறை 2 சதவீதம்கூட இல்லை. மிச்சத்தில் பெரும் பகுதி ஏதோ ஒரு செல்லில், ஏதோ ஒரு நேரத்தில் ஆர்.என்.ஏ.வாக நகலெடுக்கப்படுகிறது. எதற்கு? பெரும்பாலும் குப்பை என்று ஒரு கோஷ்டி, இல்லை, ஏதோ காரியம் நடக்கிறது என்று ஒரு கோஷ்டி. ஒன்றிரண்டு சிக்கியிருக்கின்றன: பெண்களின் செல்லில் இரண்டு எக்ஸ் குரோமோசோமில் ஒன்றைப் போர்த்தி வாயடைக்கிற ஓர் ஆர்.என்.ஏ.வின் நீளம் சுமார் 17,000 எழுத்து. மூவண்ணப் பூனைகள் ஏறக்குறைய எல்லாமே பெண்ணாக இருப்பது அதன் கைங்கரியம். மற்றவற்றைப் பற்றி வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. யாராவது பந்தயத்துக்குக் கூப்பிட்டால் போங்கள், தப்பில்லை. இந்த ஆர்.என்.ஏ. ஒன்றுக்கும் உதவாது என்கிற பக்கத்தில் மட்டும் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.